எட்டுத் தடைகள், ஒரு போட்டோகூட இல்லை

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக எனக்குத் தெரியும். பயப்படுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அரியலூருக்கு வெளியே, சிமெண்ட் லாரிகள் போகிற சாலையை ஒட்டிய பெரிய மைதானம். அன்றைக்கு அங்கே குதிரையேற்றப் போட்டி. வாசலில் சாமியானாவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டு ஓர் அம்மா பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பெயரைத் தேடி டிக் அடித்தார். பச்சை நாடா கோத்த அட்டையை என் மகள் கழுத்திலும், சிவப்பு நாடா கோத்த அட்டையை என் கழுத்திலும் மாட்டிவிட்டு, "அடுத்து வாங்க" என்றார்.

மகள் தன் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு 'உடன் வருபவர்'னு போட்டுருக்கு."

"மாத்தி மாட்டிட்டாங்க போல. குடு இங்க."

"மாத்தல. உன்னோடதப் பாரு."

பார்த்தேன். சிவப்பு அட்டையில் என் போட்டோ, என் ஆதாரில் இருக்கிற அதே திகைத்த முகம். கீழே கொட்டை எழுத்தில் 'போட்டியாளர்'. அதற்கும் கீழே வயது: நாற்பத்தேழு.

நான் பெரம்பலூரில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வருஷத்துக்கு நூறு பிள்ளைகளுக்காவது உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, எதிலும் ஓர் எழுத்து பிசகியதில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் தங்கள் வகுப்பு விண்ணப்பங்களையும் என்னிடம்தான் தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்ட நான், என் சொந்த மகளுடைய போட்டி விண்ணப்பத்தை என் போனில் திறந்து, முதல் கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். பள்ளி விண்ணப்பங்களில் எனக்கு என்று எப்போதும் முதல் பக்கத்தில் ஓர் இடம் உண்டு. கை பழகிவிட்டது. 'உடன் வருபவர்' என்ற கட்டம் வந்தபோது, என்னுடன் வருவது மகள்தானே என்று அவள் பெயரைப் போட்டிருக்கிறேன்.

அதோடு விட்டேனா? மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கி இணைக்கவும் என்று இருந்தது. நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் என் ரத்த அழுத்தம், என் சர்க்கரை, என் இதயத் துடிப்பு எல்லாம் பார்த்து, என் பெயரில் சான்றிதழ் வாங்கி ஏற்றினேன். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், போட்டி நடத்துகிறவர்கள் மேல் பெரிய மரியாதையே வந்தது. குதிரை ஓட்டுகிற பிள்ளையைவிட, வெளியே நின்று பார்க்கிற தாய்க்குத்தான் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்களே என்று அன்று இரவு கணவரிடம் பாராட்டிக்கூடப் பேசினேன். அவரும் "ஆமா, நியாயந்தான்" என்றார்.

மேசைக்கு ஓடினேன்.

"மேடம், ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சுங்க. ஓட்டப்போறது என் பொண்ணு. பேர மாத்தி எழுதிட்டேன்."

அந்த அம்மா காகிதங்களைப் புரட்டினார். "பேரு உங்க பேரு. ஆதார் உங்களது. இன்சூரன்ஸ் உங்க பேர்ல எடுத்துருக்கோம். ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டும் உங்களது. உங்க பொண்ணு பேர்ல ஒரு பேப்பரும் இல்லையே மேடம்."

"தப்பா எழுதிட்டேங்க."

"எல்லாத்துலயுமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இன்சூரன்ஸ் இல்லாத பிள்ளைய நான் குதிர மேல ஏத்த முடியாது மேடம். உங்களுக்கே தெரியும். நீங்க டீச்சர்னு போட்டுருக்கீங்க." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "புதியவர் பிரிவுல வயசு வரம்பு கிடையாது. நீங்க ஓட்டலாம். இல்லாட்டி, 'வரவில்லை'னு போட்டுடறேன்."

"அப்ப அணியில மீதி ரெண்டு பேரு?"

"மூணு பேரும் முடிச்சாத்தான் அணி. ஒருத்தர் வரலைன்னாலும், விழுந்துட்டாலும், மொத்த அணியும் வெளிய."

எனக்குப் பின்னாலேயே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் பூலாம்பாடிக்காரம்மா. எங்கள் அணியில் மற்ற இருவரும் அவருடைய மகள்கள். அக்காளும் தங்கையும். ஒரு வருஷமாக வாரம் மூன்று நாள் பூலாம்பாடியிலிருந்து பஸ் மாறி வாலிகண்டபுரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் பயிற்சி மைதானத்துக்கு வருகிற பிள்ளைகள். அந்தத் தாய் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. மழையில் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். அந்த இரண்டு பெண்களின் ஒரு வருஷம் இப்போது என் கையெழுத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் என் புடவையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதக் கட்டிக்கிட்டு எப்படி டீச்சர் ஏறுவீங்க?" என்றார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குக் குதிரை ஓட்டத் தெரியும். ஓரளவு.

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது குதிரை ஓட்ட வேண்டும் என்று அடம்பிடித்தாள். பயிற்சி கொடுக்கிறவர் போலீசில் குதிரைப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் போய் இரண்டு வாரம் கேள்வி கேட்டேன். குதிரை மிரண்டால் என்ன செய்வது, பாம்பைப் பார்த்தால் என்ன செய்வது, இடி இடித்தால், பட்டாசு வெடித்தால், பிள்ளைக்குத் தும்மல் வந்தால். ஒரு நாள் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "டீச்சர், நீங்க கேக்குறதுக்கெல்லாம் என்கிட்ட பதில் இல்ல. பதில் அது முதுகுல இருக்கு. நீங்களே ஒரு தடவ ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

பிள்ளைக்குக் கொடுக்கிற பாலை வாயில் வைத்துச் சூடு பார்ப்பதில்லையா, அப்படி நினைத்துத்தான் ஏறினேன். ஒரு சுற்றில் தெரியவில்லை. இன்னொரு சுற்று போனேன். அதிலும் சரியாகத் தெரியவில்லை. இப்படியே இரண்டு வருஷம் சூடு பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் மகளுக்கு முன்னால் அரை மணி நேரம். மெதுவோட்டம் வந்தது, ஒன்றரை அடி உயரத்தில் கட்டிய கழியைத் தாண்டவும் வந்தது. கணவருக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் கோபப்படுகிற மனிதர் இல்லை. சிரிப்பார். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற என்னை அவருக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். நடைப்பயிற்சி போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஆனால் வாலிகண்டபுரத்தில் யாரும் இல்லாத தரிசில் ஓட்டுவது வேறு. இங்கே கயிறு கட்டி, அதற்குப் பின்னால் இருநூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

மகள் அந்த நேரம் அங்கே இல்லை. குதிரைகளை இறக்கி வேப்பமரத்தடியில் கட்டியிருந்தார்கள். ஒன்று வெள்ளை. அக்காளும் தங்கையும் மாறி மாறி அதைத்தான் ஓட்டப்போகிறார்கள். இன்னொன்று செவலை, பெண் குதிரை, என் மகள் ஓட்ட வேண்டியது. அவள் செவலையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தோளைத் தொட்டேன். தட்டிவிட்டாள். செவலை ஒரு காதை என் பக்கமும் ஒரு காதை அவள் பக்கமும் திருப்பி வைத்துக்கொண்டது.

"அம்மாவ மன்னிச்சுரு சாமி. வேணும்னு செய்யல."

பிடரியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணும்னா நான் போயி அவங்க கால்ல விழறேன்."

"விழுந்தா எழுந்திரிக்க முடியாது உன்னால." முகத்தை நிமிர்த்தினாள். கண் சிவந்திருந்தது. மூக்கைக் குதிரையின் பிடரியிலேயே துடைத்துக்கொண்டாள். "நீ ஓட்டு."

"நானா? அது எப்படிடி முடியும்?"

"சனிக்கிழம ஓட்டுறல்ல."

"அது யாரும் பாக்காத எடம்."

"இங்க எல்லாரையும் கண்ண மூடிக்கச் சொல்லவா?" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அம்மா, அந்தப் பொண்ணுங்க ரெண்டும் பாவம். எனக்கு அடுத்த போட்டி வரும். அதுங்க அம்மா அடுத்த வருஷம் அனுப்புமோ என்னமோ. ஏறு. அழுவாத. நீ அழுதா எனக்கும் வரும்."

பதினாறு வயதில் எனக்கு அந்த மனசு இருந்திருக்காது. இப்போதும் இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

அதன் பிறகு எல்லாம் தலைகால் புரியாத வேகத்தில் நடந்தது. மகளுடைய ஹெல்மெட் எனக்குப் பொருந்தியது. பூட்ஸ் கொஞ்சம் இறுக்கம். புடவைதான் பிரச்சினை. பூலாம்பாடிக்காரம்மா என் கையைப் பிடித்து, குதிரைகளை ஏற்றி வந்த மினி லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அக்காளும் தங்கையும் தார்ப்பாயைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். உள்ளே வைக்கோல் வாசனையில் நாங்கள் இரண்டு பேரும் உடை மாற்றிக்கொண்டோம். அவர் மகள்களின் போட்டிக்காக ஆசையாக எடுத்துப் போட்டிருந்த கிளிப்பச்சை சுடிதார் என் மேல் ஏறியது. நெஞ்சு முழுக்க ஜிகினா. என் நீலக் காட்டன் புடவையை அவர் கட்டிக்கொண்டார்.

"நல்லா இருக்கு டீச்சர் உங்களுக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "செயிக்க வேணாம். வுழுந்துடாம மட்டும் வந்துருங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

மகள் அதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் அன்று காலை பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மகள் ஓட்டுவதைப் பார்க்க பஸ்சில் வருவதாக இருந்தது.

"என்ன சொன்ன அவர்ட்ட?"

"அம்மா குதிர ஓட்டப்போவுது, சீக்கிரம் வாங்கன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"வெளயாடாத, போன அம்மாட்ட குடுன்னாரு. நான் வச்சிட்டேன்."

போட்டி விதி சின்னது. எட்டுத் தடைகள், எண் வரிசையில் தாண்ட வேண்டும். கழி விழுந்தால் தண்டனைப் புள்ளி. குதிரை தாண்ட மறுத்து நின்றால் ஒரு மறுப்பு. மூன்று மறுப்பு ஆனால் மணி அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். விழுந்தாலும் அப்படித்தான். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு தடைகளுக்கு நடுவே நடத்திக் காட்டினாள். அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று நான் அவளைக் கழிப்பறை எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று நடத்திக் காட்டினேன். அதே மாதிரி, அதே பொறுமையில்லாத பொறுமையோடு. "மூணு முடிஞ்சதும் இடது பக்கம் பாரு. தரையப் பாக்காத. தரையப் பாத்தா தரைக்குத்தான் போவ."

முதலில் அக்காள் ஓட்டினாள். ஒரு கழிகூட விழவில்லை. அடுத்து தங்கை. ஒரே ஒரு கழி விழுந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் புடவை கைதட்டிக் குதிப்பது தெரிந்தது.

பிறகு ஒலிபெருக்கியில் என் பெயர். வயதையும் சேர்த்துச் சொன்னார்கள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மாஸ்டர் என்னைத் தூக்கிச் சேணத்தில் உட்காரவைத்தார். "கால இறுக்கிக்குங்க டீச்சர். மூச்சு விடுங்க. மூச்சு விட மறந்துருவீங்க நீங்க." பயிற்சியில் அவர் சொல்லிக்கொடுத்த வழி, பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுவது. பாடினால் மூச்சு தானாக ஓடும். எனக்குப் பாட்டு வராது. அதனால் தனிமங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு ஓட்டுவேன்.

ஆரம்ப மணி அடித்தது. ஹைட்ரஜன், ஹீலியம் என்று ஆரம்பித்தேன்.

முதல் தடை தாண்டியதே தெரியவில்லை. என் பிட்டம் மேலே போய்க் கீழே வந்தது, அவ்வளவுதான். இரண்டாவது, லித்தியத்தில். அந்தக் கணம் என் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கொள்ளென்று சிரித்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. செவலையின் காதுகள் இரண்டும் முன்னால் நிமிர்ந்திருந்தன. மூன்றாவது தடை கயிற்றை ஒட்டி இருந்தது. கூட்டம் அங்கேதான் அதிகம். நான் போரான் என்று சொல்லும்போது குதிரை நின்றுவிட்டது.

மிரளவில்லை, திமிறவில்லை. அமைதியாக, மரியாதையாக, பஸ் நிறுத்தத்தில் பஸ் நிற்பது மாதிரி நின்றது. நான் மட்டும் நிற்காமல் முன்னால் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கூட்டம் "ஓ" என்றது. விழவில்லை. ஒரு ஜிகினா சரம் பிடரியில் சிக்கி அறுந்தது. மெல்லப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். ஒரு மறுப்பு.

சுற்றிக்கொண்டு வந்து மறுபடி விட்டேன். தாண்டியது. இடது பக்கம் பார்த்தேன், தரையைப் பார்க்கவில்லை. நாலு, அஞ்சு. ஆறாவது தடை மறுபடி கயிற்றை ஒட்டி. மறுபடி நின்றது. இந்த முறை இன்னும் அழகாக நின்றது. கழுத்தை வளைத்து, முன்கால் ஒன்றைத் தூக்கி மடக்கிக்கொண்டு, முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. இரண்டு மறுப்பு. இன்னொன்று ஆனால் மணி.

அப்போதுதான் மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்தேன்.

செவலை மாஸ்டரிடம் வருவதற்கு முன்னால் கல்யாணக் குதிரை. மாப்பிள்ளை அழைப்பில் பத்தடிக்கு ஒரு முறை வீடியோக்காரர் நிறுத்தச் சொல்வார். யாராவது கேமராவைத் தூக்கினால் நிற்க வேண்டும், காலைத் தூக்க வேண்டும், கழுத்தை வளைக்க வேண்டும். செய்தால் வெல்லம் கிடைக்கும். பயிற்சி மைதானத்துக்குள் யாரும் போனை எடுக்கக் கூடாது என்று மாஸ்டர் கண்டிப்பாக இருந்ததை, போலீஸ்காரர் கண்டிப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு வருஷத்தில் மறந்திருக்கும் என்று நம்பித்தான் போட்டிக்குக் கொண்டுவந்தேன் என்று பிறகு சொன்னார். அது எதையும் மறக்கவில்லை. கயிற்றுக்குப் பின்னால் நூறு போன்கள் உயர்ந்திருந்தன. கிளிப்பச்சை ஜிகினா போட்ட டீச்சரை யார்தான் எடுக்காமல் விடுவார்கள்? வெல்லம் எங்கே என்று செவலை பார்த்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் என் மகளிடம் ஏதோ கத்தினார். அடுத்த நொடி அவள் கயிற்றை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

"போன இறக்குங்க! எல்லாரும் போன இறக்குங்க! யாரும் எடுக்காதீங்க!"

"ஏம்மா, எடுத்தா என்னாவாம்?" ஒரு பெரிய மனிதர் கேட்டது எனக்கே கேட்டது.

"எடுத்தா குதிர போஸ் குடுக்கும் மாமா! பாருங்க, குடுத்துட்டு நிக்கிது!"

கூட்டத்தில் வெடித்த சிரிப்பில் நான் மறுபடி விழப் பார்த்தேன்.

"அப்புறம் எப்படிம்மா பாக்குறது?"

"கண்ணால பாருங்க!"

அந்தப் பக்கத்திலிருந்து பூலாம்பாடிக்காரம்மா, என் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிர்த் திசையில் ஓடினார். அவர் கெஞ்சவில்லை. "ஏய் தம்பி, பையில போடு. போடுறியா, புடுங்கட்டுமா? யக்கா, உன்னத்தான்!" வரிசையாகக் கைகள் இறங்கின. ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். கடைசியாக ஒரு தாத்தா மட்டும் போனைத் தூக்கி வைத்திருந்தார். அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார், போட்டோ இல்லை. அவர் கையையும் பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து இறக்கினார்கள்.

மைதானம் கப்பென்று அடங்கியது. செவலை இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. தூக்கிய காலைக் கீழே வைத்தது. கல்யாணம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, ஒரு பெருமூச்சு விட்டது. என் கால்களுக்கு நடுவே அதன் விலா விரிந்து சுருங்கியது. நானும் விட்டேன்.

திருப்பினேன். எந்தத் தனிமத்தில் விட்டேன் என்று மறந்துவிட்டதால் மறுபடி ஹைட்ரஜனிலிருந்து தொடங்கினேன். இந்த முறை வாய்விட்டுச் சத்தமாக, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில். ஆறாவது தாண்டியது. கழி ஆடியது, விழவில்லை. ஏழு. எட்டாவது தடைக்கு முன்னால் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பயம் எங்கே போனது என்று தேடினேன். கிடைக்கவில்லை. காலையிலிருந்து, இல்லை, மகள் பிறந்ததிலிருந்து எந்நேரமும் கூடவே இருந்தது, அந்த ஏழெட்டு நொடிகளில் அதைக் காணவில்லை. குதிகாலால் ஓர் அழுத்து அழுத்தினேன். ஒன்றரை அடிக் கழிக்குச் செவலை மூன்றடி குதித்தது. நான் சேணத்தைவிட்டு மேலே போய், மேலேயே கொஞ்ச நேரம் இருந்து, அரியலூர் முழுவதையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

முடிவுக்கோட்டைத் தாண்டியும் நிறுத்தத் தோன்றவில்லை. ஒரு முழுச் சுற்று அதிகமாகப் போனேன். மகள்தான் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தாள்.

"முடிஞ்சுதும்மா. நிறுத்து. அம்மா! முடிஞ்சுது!"

இறங்கியதும் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். எதற்கு என்று தெரியவில்லை. அக்காளும் தங்கையும் என் மேல் விழுந்தார்கள். மகள் என் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையோடு என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "உப்பு" என்று துப்பினாள்.

ஐந்து அணிகள். ஒரு அணியில் ஒருவர் விழுந்ததால் அந்த அணி வெளியே. நாங்கள் மூன்றாம் இடம். மூன்று பேருக்கும் வெண்கல நிறத்தில் பதக்கம். என்னுடையதைக் கழற்றி மகள் கழுத்தில் போடப்போனேன். கையைத் தடுத்துவிட்டாள். "நீ ஓட்டுனது. நீயே போட்டுக்க." பூலாம்பாடிக்காரம்மா தன் மகள்களின் பதக்கங்களை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தார். பிறகு என்னுடையதையும் கடித்துப் பார்த்தார்.

இன்றைக்குப் பதினோரு நாள் ஆகிறது. கரும்பலகையில் எழுத்து இன்னும் கோணலாகப் போவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். குதிரை மறுத்து நின்ற அந்த இரண்டு இடங்களும் தூக்கத்தில் வருகின்றன. அக்காளும் தங்கையும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது வருகிறது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, முடித்துவிட்டோம், முடித்துவிட்டோம் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நிரூபிக்க ஒரு போட்டோகூட இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அன்றைக்குக் கணவர் மைதானத்துக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்று பஸ் அசையவில்லையாம், கடைசி இரண்டு கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கிறார். கல்யாண வீட்டுச் சந்தனம் நெற்றியில் வியர்வையோடு வழிந்திருந்தது. கையில் தாம்பூலப் பை. நேராகப் போய் என் நீலப் புடவைக்குப் பின்னால் நின்று, "ஏய், என்னடி சொல்றா புள்ள போன்ல?" என்றார். பூலாம்பாடிக்காரம்மா திரும்பியதும் இரண்டு எட்டு பின்வாங்கி, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று கும்பிட்டார். அந்த அம்மா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினார்.

நான் வேப்பமரத்தடியில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கிளிப்பச்சை சுடிதார், மகளின் பூட்ஸ், முகமெல்லாம் புழுதி, கழுத்தில் சிவப்பு அட்டையும் பதக்கமும். அவர் அட்டையைக் கையில் எடுத்துப் படித்தார். பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். செவலையைப் பார்த்தார்.

"நெசமாவே நீதானா?"

"ஆமாங்க."

"எத்தன தடவ தாண்டுன?"

"எட்டு."

"போட்டோ எங்க?"

"இல்லப்பா" என்றாள் மகள். "யாரும் எடுக்கல. எடுக்க வுடல."

"இத்தன பேரு இருந்து ஒருத்தன்கூட எடுக்கலையா?"

"எடுத்திருந்தா அம்மா முடிச்சிருக்காதுப்பா."

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கப்போவதை நான் இரண்டு வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பைக்ல பின்னாடி உக்காந்து வந்தா, நாப்பதத் தாண்டுனதும் என் சட்டையப் புடிச்சு இழுப்பியேடி!"

அவர் எழுந்து, தாம்பூலப் பையை மகளிடம் கொடுத்தார். செவலையின் பக்கத்தில் போய் நிற்கப் பயந்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு அதைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"நான் பாக்கவே இல்ல. இன்னொரு தடவ ஏறு."